அமெரிக்காவில் அர்ஜென்ட் கேர்: உள்ளே போகுமுன் கேட்க வேண்டியதும் பில் வந்தபின் செய்ய வேண்டியதும்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில், குடும்ப டாக்டர் என்று ஒருவரைப் பிடிப்பதற்கு முன்பே காய்ச்சலோ சுளுக்கோ வந்துவிடும். அப்போது எல்லோரும் கைகாட்டுவது அர்ஜென்ட் கேர் கிளினிக்கைத்தான். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், மாலையிலும் வாரக்கடைசியிலும் திறந்திருக்கும், எமர்ஜென்சி ரூமைவிடச் செலவு குறைவு என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அங்கே ஏதாவது கோணலாகப் போனால் யாரைப் பிடிப்பது, எதைக் காட்டிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கணுக்கால் வீங்கி நான் போன கிளினிக்கில், கவுன்ட்டரில் இருந்தவர் இன்சூரன்ஸ் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதை எடுத்துக்கொள்வோம்" என்றார். வெகுநேரம் உட்காரவைத்த பிறகு, எக்ஸ்ரே எடுப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார், வேறு இடம் பாருங்கள் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வருத்தம் என்று ஒரு வார்த்தை கிடையாது. பின்னால் வந்த பில்லில் எடுக்காத எக்ஸ்ரேக்கும் ஒரு தொகை இருந்தது. போதாக்குறைக்கு, அந்தக் கிளை என் பிளானின் நெட்வொர்க்கிலேயே, அதாவது இன்சூரன்ஸோடு கட்டண ஒப்பந்தம் போட்ட இடங்களின் பட்டியலிலேயே, இல்லை. அதைச் சரிசெய்ய அலைந்ததில் கற்றதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கவுன்ட்டரில் வாயால் சொல்வதற்குப் பின்னால் எந்த மதிப்பும் இருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்தில் தருவதற்கு மதிப்பு உண்டு. கீழே வரும் படிகளில் பாதி அந்த எழுத்தைக் கையில் வாங்குவதற்கானவைதான்.

1. முதலில், போக வேண்டிய இடம் இதுதானா என்று பாருங்கள்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, நிற்காத ரத்தம், தலையில் அடிபட்டு மயக்கம், மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல். இதில் எதுவானாலும் அர்ஜென்ட் கேர் வேண்டாம். நேராக எமர்ஜென்சி ரூம், இல்லையென்றால் 911. அர்ஜென்ட் கேருக்குப் போனாலும் அவர்களே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். நேரம் வீணாவதோடு இரண்டு பில் வரும். குழந்தை மருந்தையோ துப்புரவுத் திரவத்தையோ குடித்துவிட்டால் விஷமுறிவு உதவி எண் 1-800-222-1222; நாள் முழுக்க இயங்கும், கட்டணம் இல்லை. குழந்தை மயங்கிவிட்டாலோ மூச்சுக்குத் திணறினாலோ அதற்கும் காத்திருக்காமல் 911.

சட்டத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. எமர்ஜென்சி ரூமுக்கு வந்தவரை, கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும் என்று 1986ல் வந்த கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. தனியாக நடக்கும் அர்ஜென்ட் கேர் கிளினிக்குகளைப் பொதுவாக அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. முன்பணம் கேட்கலாம், கட்டாவிட்டால் பார்க்க மாட்டோம் என்றும் சொல்லலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு பொறி டெக்சாஸ், கொலராடோ போன்ற மாநிலங்களில் இருக்கிறது. கடைத்தெரு நடுவே அர்ஜென்ட் கேர் போலவே இருக்கும், சோபா, காபி எல்லாம் இருக்கும், ஆனால் பலகையில் "எமர்ஜென்சி" என்று எழுதியிருக்கும். அவை தனித்து நிற்கும் எமர்ஜென்சி ரூம்கள். தொண்டைவலிக்கு உள்ளே போனாலும் பில் எமர்ஜென்சி கணக்கில்தான் வரும். காரை நிறுத்தும்போதே பலகையை முழுசாகப் படியுங்கள்.

சாதாரணத் தொந்தரவு என்றால் கார்டின் பின்புறம் நர்ஸ் உதவி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பிளான்களில் அது இலவசம். போக வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா என்று அவர்களே சொல்வார்கள்.

2. கிளம்புமுன் இன்சூரன்ஸில் உறுதி செய்யுங்கள்

"என் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கிளினிக்கில் கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஆம் என்பார்கள். எடுத்துக்கொள்வது என்றால் கிளெய்ம் (இன்சூரன்ஸிடம் பணம் கேட்கும் விண்ணப்பம்) அனுப்புவோம் என்றுதான் பொருள். நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, "இந்த முகவரியில் இருக்கும் கிளை, என் பிளானின் நெட்வொர்க்கில் இருக்கிறதா?" பிளானின் பெயரைக் கார்டில் உள்ளபடியே சொல்லுங்கள். ஒரே கம்பெனிக்குள் பல நெட்வொர்க்குகள் உண்டு. ஒரே கிளினிக் சங்கிலியில் ஒரு கிளை உள்ளேயும் அடுத்த தெருவில் இருப்பது வெளியேயும் இருக்கலாம். என் கதையில் நடந்தது அதுதான்.

கிளினிக்கின் பதிலைவிட இன்சூரன்ஸின் பதில்தான் முக்கியம். காரணம், எதிர்பாராத மருத்துவ பில்லிலிருந்து காப்பதற்காக 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம். இன்சூரன்ஸ் கம்பெனியின் டைரக்டரியிலோ, நீங்கள் கேட்டதற்கு அவர்கள் தந்த பதிலிலோ ஒரு கிளினிக் நெட்வொர்க்கில் இருப்பதாகச் சொல்லியிருந்து அது தவறாகப் போனால், நெட்வொர்க்குக்குள் இருந்தால் நீங்கள் கட்டியிருக்கக்கூடிய பங்கை மட்டுமே உங்களிடம் வாங்கலாம். கிளினிக் ஊழியர் வாயால் சொன்னதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் கம்பெனியின் ஆப்பிலோ இணையதளத்திலோ லாகின் செய்து, கிளினிக் பெயரும் முகவரியும் தேதியும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். சாட் வசதி இருந்தால் அதிலேயே கேட்டு, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். கால் வலித்துக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

இதே சட்டத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் உலவுகிறது. நெட்வொர்க்குக்கு வெளியே போனாலும் சட்டம் காப்பாற்றிவிடும் என்பார்கள். எமர்ஜென்சி ரூமுக்கு அது சரி. எமர்ஜென்சி சிகிச்சைக்கு மாநில உரிமம் இல்லாத சாதாரண அர்ஜென்ட் கேருக்கு அந்தப் பகுதி பொருந்தாது. கிளினிக் போடும் தொகைக்கும் இன்சூரன்ஸ் தருவதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது, உங்கள் பங்கு எவ்வளவு என்பது. ஒவ்வொரு பிளானுக்கும் பலன்களின் சுருக்கம் என்று ஒரே மாதிரி அமைப்பில் ஒரு ஆவணம் தர வேண்டும் என்பது விதி. அதில் உடனடி மருத்துவ உதவி என்ற பகுதியில் எமர்ஜென்சி ரூம், ஆம்புலன்ஸ், அர்ஜென்ட் கேர் மூன்றும் தனித்தனி வரியாக இருக்கும். அர்ஜென்ட் கேர் வரியில் கோ-பே (ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்டும் நிலையான தொகை) மட்டும் இருக்கிறதா, இல்லை "டிடக்டிபிளுக்குப் பிறகு" (இன்சூரன்ஸ் தரத் தொடங்குமுன் வருடத்தில் நீங்கள் கட்டி முடிக்க வேண்டிய தொகைக்குப் பிறகு) என்று ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒட்டு இருந்தால், வருட ஆரம்பத்தில் கிட்டத்தட்ட முழுத் தொகையும் உங்கள் கைக்காசு.

3. கிளினிக்குக்கே ஒரு போன் போடுங்கள்

நான்கைந்து கேள்விகள் போதும். இப்போது எக்ஸ்ரே எடுப்பவர் இருக்கிறாரா, எத்தனை மணிவரை இருப்பார்? மூடும் நேரத்துக்கு எவ்வளவு முன்பே ஆட்களை எடுப்பதை நிறுத்துவீர்கள்? இந்த வயதுக் குழந்தையைப் பார்ப்பீர்களா? தையல் போடுவீர்களா? ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான கிளினிக்கா?

கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றும். சில ஆஸ்பத்திரிகள் தங்கள் கிளினிக்கை வெளிநோயாளர் பிரிவாகக் கணக்குக் காட்டி, டாக்டர் கட்டணத்துக்கு மேல் "பெசிலிட்டி ஃபீ" என்று இன்னொரு தொகை போடும். அதே சமயம், லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியின் கிளினிக் என்றால் நிதியுதவித் திட்டத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆன்லைனில் "இடம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று நேரம் தருவார்களே, அதை அப்பாயின்ட்மென்ட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வரிசையில் பெயர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மோசமான நிலையில் வருபவரை முதலில் பார்ப்பார்கள்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்களும், கைக்காசில் கட்டப்போகிறவர்களும் உத்தேசக் கட்டணத்தை எழுத்தில் கேட்கலாம். அதுவும் நோ சர்ப்ரைசஸ் சட்டத்தில் உள்ள உரிமைதான். கேட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் தர வேண்டும். நடந்து உள்ளே போகும் அவசரத்துக்கு அந்தக் கெடு உதவாது. ஆனால் மறுபரிசோதனைக்கோ தையல் பிரிக்கவோ தேதி குறித்துப் போகும்போது கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். அப்படித் தந்த உத்தேசத்தைவிட ஒரே கிளினிக்கின் பில் 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் 25 டாலர் கட்டி, அரசு வைத்திருக்கும் தகராறுத் தீர்வுக்குப் போகலாம்.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

புகைப்பட அடையாள அட்டை, இன்சூரன்ஸ் கார்டின் இரு பக்கம், சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அது, மருந்து வாங்கப்போகும் பார்மசியின் பெயரும் முகவரியும். இவ்வளவுதான் அடிப்படை. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று வெட்டுக்காயத்துக்குக் கட்டாயம் கேட்பார்கள். ஊரில் போட்டதென்றால் சீட்டின் படத்தை போனில் வைத்திருங்கள்.

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயர். இனிஷியல் போட்ட பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி, அதனால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்தது, அலுவலகத்தில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டது என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஓடும். கிளினிக்கில் எழுதும் பெயர் இன்சூரன்ஸ் கார்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அடையாள அட்டையில் எப்படி இருந்தாலும் சரி, கிளெய்ம் போவது கார்டுப் பெயரில்தான். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும். மே 4ல் பிறந்தவர் பழக்க தோஷத்தில் 4/5 என்று எழுதினால் ஏப்ரல் 5 ஆகிவிடும், ஆள் பொருந்தவில்லை என்று கிளெய்ம் திரும்பி வரும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? பாஸ்போர்ட், விசிட்டர் இன்சூரன்ஸ் கார்டு, பாலிசித் தாள், ஐ-94 என்ற வருகைப் பதிவின் நகல் எல்லாம் வேண்டும். கிளெய்ம் போடும்போது அமெரிக்காவுக்குள் வந்த தேதியைக் காட்டச் சொல்வார்கள். விசிட்டர் இன்சூரன்ஸில் இரண்டு வகை. ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது ஒன்று, டிடக்டிபிள் போக மீதியில் பெரும்பங்கைத் தருவது இன்னொன்று. முதல் வகை மலிவாக இருக்கும், பில் வரும்போதுதான் ஏன் மலிவு என்று புரியும். இரண்டிலுமே ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு இருக்கும். படிவத்தில் பொய் எழுத வேண்டாம். "இன்று என்ன தொந்தரவு" என்ற கேள்விக்கு இன்றைய தொந்தரவை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் வேலையில் இருக்கும்போது தாத்தா பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தால், பெற்றோர் அனுமதிக் கடிதம் இல்லாமல் பல கிளினிக்குகள் பார்க்க மறுக்கும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, சிகிச்சைக்குச் சம்மதம் தரும் பெரியவரின் பெயர், உங்கள் கையெழுத்து, போன் எண் ஆகியவற்றோடு ஒரு தாள் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள்.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சரளமில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். கூட்டரசின் நிதியுதவி பெறும் மருத்துவ இடங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும். போன் வழியாகத் தமிழ் பேசுபவரைப் பிடித்துத் தருவார்கள். உங்கள் பள்ளிப் பிள்ளையை வைத்துச் சமாளிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

5. கவுன்ட்டரில் கையெழுத்துப் போடுமுன்

டேப்லெட் கணினியைக் கையில் கொடுத்து, மஞ்சள் பெட்டிகளில் எல்லாம் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கும். பரவாயில்லை, நிதானமாகப் படியுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, உங்கள் கிரெடிட் கார்டு விவரத்தைக் கோப்பில் வைக்கும் சம்மதம். இதற்குக் கையெழுத்திட்டால், இன்சூரன்ஸ் போக மீதி என்று அவர்கள் முடிவு செய்யும் தொகையை உங்களைக் கேட்காமல் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மறுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு வரம்பு எழுதச் சொல்லுங்கள். பணம் போன பிறகு சண்டை போடுவதைவிடப் பணம் நம்மிடம் இருக்கும்போது சண்டை போடுவது எளிது.

சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் பெட்டியைப் பெரும்பாலும் காலியாக விடலாம். அது இல்லாமல் கிளெய்ம் போகும்.

கோ-பே கட்டும்போது, "இது இன்றைய முழுத் தொகையா, இல்லை பின்னால் இன்னும் வருமா?" என்று கேட்டு, ரசீது வாங்குங்கள். கைக்காசு என்றால் அன்றே கட்டுவதற்குத் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள். பல இடங்களில் உண்டு, கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

6. உள்ளே போன பிறகு

உங்களைப் பார்ப்பவர் டாக்டராகத்தான் இருப்பார் என்று எண்ண வேண்டாம். டாக்டர் அல்லாத, ஆனால் நோயாளியைப் பார்க்க உரிமம் உள்ள பிசிஷியன் அசிஸ்டென்டோ நர்ஸ் பிராக்டிஷனரோ பார்ப்பது இங்கே சாதாரணம், பெரும்பாலும் நன்றாகவே பார்ப்பார்கள்.

எந்தச் சோதனை என்றாலும், "இது இங்கேயே பார்ப்பதா, வெளி லேபுக்குப் போவதா?" என்று கேளுங்கள். தொண்டை, ஃப்ளூ, சிறுநீர் போன்ற விரைவுச் சோதனைகள் அங்கேயே முடியும். வெளியே போனால் லேபின் பில் தனியாக வரும், அந்த லேப் உங்கள் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயைப் படிக்கும் ரேடியாலஜிஸ்டும் அப்படித்தான், நீங்கள் முகமே பார்க்காத ஒருவரிடமிருந்து தனி பில் வரும்.

சுளுக்குக்காரர்கள் கவனிக்க: கணுக்கால் பூட்டு, மணிக்கட்டுப் பட்டை, ஊன்றுகோல் என்று எதையாவது மாட்டிவிட்டு அனுப்புவார்கள். அன்பளிப்பு மாதிரித் தருவார்கள், பில்லில் தனி வரியாக உட்கார்ந்திருக்கும். அவசரமில்லை என்றால், எந்த வகை வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு பார்மசியில் விலை பாருங்கள். மாத்திரைகளையும் அங்கேயே விற்கிறார்கள் என்றால் அதே யோசனைதான்.

வெளியே வருமுன், என்ன நோய், என்ன செய்தார்கள் என்று எழுதிய தாளையும், எக்ஸ்ரே எடுத்திருந்தால் படங்களின் சிடியையும் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டாலும் தர வேண்டும்; மருத்துவத் தகவல்கள் பற்றிய ஹிப்பா சட்டப்படி 30 நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு, இன்னொரு 30 நாள் நீட்டிக்கவும் முடியும். எலும்பு டாக்டர் நாளைக்கே படத்தைக் கேட்பார்.

7. பார்க்காமலே அனுப்பினால்

எங்களால் முடியாது, வேறு இடம் போங்கள் என்றால் உடனே எழுந்துவிடாதீர்கள். யாராவது பரிசோதித்தார்களா, இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி. உள்ளே கூப்பிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினால் அதற்குக் கட்டணம் போட அவர்களுக்கு இடம் உண்டு. காத்திருக்கும் அறையிலிருந்தே அனுப்பினாலோ, காத்திருந்து பொறுக்காமல் நீங்களே கிளம்பினாலோ, வருகையை ரத்து செய்யச் சொல்லுங்கள். கோ-பே திரும்ப வந்ததற்கான ரசீதைக் கையோடு வாங்குங்கள். "மேனேஜர் இல்லை, நாளை போன் செய்யுங்கள்" என்பார்கள். அன்றிரவே, வந்த நேரம், கிளம்பிய நேரம், பேசியவரின் முதல் பெயர், சொன்ன காரணம் எல்லாவற்றையும் போட்டு கிளினிக்குக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தேதியிட்ட அந்த மின்னஞ்சல்தான் பின்னால் சாட்சி.

போன் பேச்சைப் பதிவு செய்யலாம் என்று தோன்றும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் எதிராளியின் சம்மதமில்லாமல் அந்தரங்கப் பேச்சைப் பதிவு செய்வது குற்றம். நோட்டில் எழுதிக்கொள்வதே போதும்.

8. பில் வந்ததும் கட்டிவிடாதீர்கள்

நம்மூர்ப் பழக்கத்தில் கடன் வைக்கக் கூடாது என்று உடனே கட்டிவிடுவோம். இங்கே முதலில் வர வேண்டியது, கிளெய்முக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று விளக்கி இன்சூரன்ஸிலிருந்து வரும் ஈ.ஓ.பி. "இது பில் அல்ல" என்று அதிலேயே எழுதியிருக்கும். அது வராமல் கிளினிக் பில்லைத் தொடாதீர்கள். ஈ.ஓ.பி.யில் "நீங்கள் தர வேண்டியது" என்று உள்ள தொகையும் கிளினிக் பில்லும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கிளினிக் 280 டாலர் போடுகிறது. நெட்வொர்க் ஒப்பந்தப்படி அனுமதித்த தொகை 150. உங்கள் கோ-பே 50. அப்படியானால் இன்சூரன்ஸ் 100 தரும், மீதி 130ஐ கிளினிக் விட்டுவிட வேண்டும். நெட்வொர்க்கில் உள்ள கிளினிக் அந்த 130ஐ உங்களிடம் கேட்டால் ஒப்பந்தத்தை மீறுகிறது. இன்சூரன்ஸுக்குப் போன் செய்தால் அவர்களே பேசி நிறுத்துவார்கள். நெட்வொர்க்குக்கு வெளியே என்றால் அந்த 130ஐக் கேட்க முடியும், அதனால்தான் இரண்டாவது படியில் அவ்வளவு நேரம் நின்றேன்.

ஈ.ஓ.பி.யும் பில்லும் ஒத்துவரவில்லை, அல்லது தொகை சந்தேகமாக இருக்கிறது என்றால், வரிவாரியான பில் கேளுங்கள். மொத்தத் தொகை போட்ட ஒரு பக்கத் தாளை வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது. ஒவ்வொரு சேவைக்கும் ஐந்து எழுத்துக் குறியீடும் விலையும் இருக்க வேண்டும். எடுக்காத எக்ஸ்ரே என் பில்லில் இருந்தது இப்படித்தான் தெரிந்தது. வேறு இடத்துக்கு அனுப்பியபோது அவர்களே தந்த தாளை எடுத்துக் காட்டியதும், மறுபேச்சில்லாமல் நீக்கினார்கள்.

டாக்டர் பார்த்ததற்கான குறியீடு புதிய நோயாளிக்கு 99202 முதல் 99205 வரை, பழைய நோயாளிக்கு 99211 முதல் 99215 வரை. எண் ஏற ஏறக் கட்டணம் ஏறும். மூன்று வருடத்துக்குள் அதே குழுமத்தில் அதே பிரிவில் பார்த்திருந்தால் நீங்கள் பழைய நோயாளி. புதியவர் என்று போட்டிருந்தால் திருத்தச் சொல்லலாம். நேரத்தை வைத்துக் குறியீடு போட்டிருந்தால் 99203க்கு 30 நிமிடமும் 99204க்கு 45 நிமிடமும் ஆகியிருக்க வேண்டும். ஆனால் நோயின் சிக்கலை வைத்தும் போடலாம். தவிர, உங்கள் கோப்பைப் படித்து எழுதிய நேரமும் சேரும். "ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்" என்பதை மட்டும் வைத்து வாதாடினால் தோற்றுப்போவீர்கள். மருத்துவக் குறிப்பின் நகலை வாங்கி, அதில் உள்ளதும் பில்லில் உள்ளதும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

தகராறை எழுத்தில் தொடங்குங்கள். அரைப் பக்கம் போதும். கணக்கு எண், போன தேதி, எந்த வரி தவறு, ஏன், என்ன வேண்டும். காத்திருந்த கோபத்தை அதில் கொட்டாதீர்கள். படிப்பவர் பில்லிங் ஆபீசில் எங்கோ இன்னொரு மாநிலத்தில் உட்கார்ந்திருப்பவர். "விசாரணை முடியும்வரை கணக்கை நிறுத்திவைக்கவும், கலெக்‌ஷனுக்கு அனுப்ப வேண்டாம்" என்ற வரியை, அதாவது கடன் வசூலிக்கும் ஏஜென்சியிடம் தள்ளிவிட வேண்டாம் என்பதை, மறக்காமல் சேருங்கள்.

9. எந்தப் புகார் எந்த வாசலுக்கு

மரியாதைக் குறைவு, காக்கவைத்தது போன்றவற்றுக்குக் கிளினிக்கின் பிராக்டிஸ் மேனேஜரைத் தாண்டி அரசு அலுவலகம் எதுவும் பெரிதாகச் செய்யாது. கட்டணத்தைக் குறைக்கப் பேரம் பேசும்போது ஒரு பிடியாக மட்டும் அது உதவும். சிகிச்சையே தவறு என்றால் மாநில மருத்துவ வாரியம். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் நர்சிங் வாரியம். நோய் விவரத்தைக் கண்டவரிடம் சொல்லிவிட்டார்கள், அல்லது மருத்துவக் குறிப்பைத் தர மறுக்கிறார்கள் என்றால் கூட்டரசு சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகம், 180 நாட்களுக்குள். மோசடியான பில் என்றால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு. நோ சர்ப்ரைசஸ் சட்டம் சம்பந்தப்பட்டது என்றால் 1-800-985-3059.

இன்சூரன்ஸ் மேல் புகார் என்றால் ஒரு கிளைப்பாதை இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பலரின் பிளான், கம்பெனியே தன் பணத்தில் நடத்துவது. கார்டில் உள்ள இன்சூரன்ஸ் பெயர் வெறும் நிர்வாகிதான். அப்படிப்பட்ட பிளானை மாநில இன்சூரன்ஸ் துறை தொடாது. கூட்டரசு தொழிலாளர் துறையிடம், 1-866-444-3272ல், போக வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று அலுவலக எச்.ஆர். சொல்வார்கள். தெரியாமல் மாநிலத்துக்கு எழுதிப் போட்டு, "எங்கள் வரம்பில் இல்லை" என்ற பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

10. கெடுக்கள்

கிளெய்மை மறுத்து வந்த கடிதத்திலிருந்து 180 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே மேல்முறையீடு செய்யலாம். முடிந்துபோன சிகிச்சைக்கு அவர்கள் 60 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்போதும் மறுத்தால், சிகிச்சை தேவையா என்பது போன்ற மருத்துவ முடிவு சம்பந்தப்பட்ட மறுப்புகளுக்கு வெளியாள் மறுபரிசீலனை உண்டு, அதைக் கேட்க நான்கு மாதம் கெடு. டைரக்டரி ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதை முதல் மேல்முறையீட்டிலேயே இணையுங்கள்.

ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான கிளினிக்கா என்று மூன்றாவது படியில் கேட்டீர்களே, அது லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்றால் முதல் பில்லிலிருந்து 240 நாட்கள்வரை நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கிளினிக் திட்டத்துக்குள் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வரிப்படிவம், பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். மாணவர்களும், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பங்களும் கூச்சப்படாமல் விண்ணப்பிக்க வேண்டிய ஒன்று இது.

கலெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தால் பலர் பயந்து கட்டிவிடுகிறார்கள், கிரெடிட் ஸ்கோர் போய்விடும், வீட்டுக் கடன் கிடைக்காது என்று. கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் 2022 ஜூலை முதல் கட்டிமுடித்த மருத்துவக் கடனைக் காட்டுவதில்லை, கட்டாததையும் ஒரு வருடம் ஆன பிறகே காட்டுகின்றன. 2023 ஏப்ரல் முதல் 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடன் ரிப்போர்ட்டில் ஏறுவதே இல்லை. அதனால் மூச்சு விட நேரம் இருக்கிறது. ஆனால் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். கிடைத்த 30 நாட்களுக்குள், கடனை ஏற்கவில்லை, ஆதாரம் காட்டுங்கள் என்று எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினால், ஆதாரம் தரும்வரை வசூலை நிறுத்த வேண்டும்.

விசிட்டர் இன்சூரன்ஸ்காரர்கள் இன்னொன்று செய்ய வேண்டும். பெற்றோர் ஊருக்குத் திரும்புமுன் கிளெய்ம் படிவத்தில் அவர்கள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அவர்கள் சார்பில் நீங்கள் பேசலாம் என்ற சம்மதத் தாளிலும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த போனில், உங்களோடு பேச அனுமதி இல்லை, பாலிசிதாரர் பேசட்டும் என்பார்கள். அப்போது ஊரில் நடுராத்திரியாக இருக்கும்.

எல்லாம் முடிந்து திருத்திய தொகையைக் கட்டியபின், பாக்கி பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்கி, ஈ.ஓ.பி., வரிவாரியான பில், ரசீது, கடிதங்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். பில்லிங்கை கவனிக்கும் வெளிக் கம்பெனி மாறினால் அதே பில் மறுபடி வருவதுண்டு. அப்போது அந்த ஸ்டேட்மென்டின் நகலை அனுப்பினால் போதும்.